கன்னத்தில் முந்திரிச் சூடு

2006 நவம்பர் 18. மாலை 4.20.

உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரிக்காட்டு நடுவில் உள்ள ஒரு பஸ் நிறுத்தத்தில் பாலசுந்தரம் இறங்கினான். தோளில் ஒரு பை. கூட யாரும் இல்லை.

நிறுத்தத்தில் காத்திருந்த அய்யாக்கண்ணு பஸ்ஸின் முன்வாசலைப் பார்த்தார். பின்வாசலைப் பார்த்தார். கண்டக்டர் விசில் ஊத, பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. ஆகஸ்ட் மாதம் இதே பாலசுந்தரத்தோடு போர்வெல் வேலைக்குக் கிளம்பிய அவருடைய ஒரே மகன் பூவரசன் இறங்கவில்லை.

"எங்கப்பா எம்புள்ள?"

"அத நான்ல உங்களக் கேக்கணும் பெரியவரே." பாலசுந்தரம் பையைக் கீழே வைத்தான். போர்வெல் துளைக்கிற ரிக் வண்டிக்கு ஆள் பிடித்துக்கொண்டு போகிற மேஸ்திரி அவன். "நெல்லூருக்குப் பக்கத்துல வண்டி நின்னுச்சு. புரட்டாசியில ஒரு நாள் விடிய எந்திரிச்சா ஆளக் காணும். லாரி பேட்டரியக் காணும், என் செல்போனக் காணும். சரி, வூட்டுக்குத்தான் வந்திருப்பான்னு நெனச்சேன்."

"ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு கடுதாசி போட உனக்குக் கை வரலியா?"

"திருடிட்டு ஓடுனவனுக்கு நான் கடுதாசி வேற போடணுமா?"

அறுபத்திரண்டு வயது அய்யாக்கண்ணுக்கு. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. முந்திரிக்கொட்டை வறுக்கிற டிரம்முக்கு முன்னால் நாற்பது வருஷம் நின்று கறுத்த கை. அந்தக் கை பாலசுந்தரத்தின் சட்டையைப் பிடிக்கவில்லை. சட்டையைப் பிடித்தால் பொய் சொல்கிறவன் இன்னும் கெட்டியாகச் சொல்வான் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை 10.15. போலீஸ் ஸ்டேஷன்.

சப்-இன்ஸ்பெக்டர் திருமுருகன் கேட்டார். பாலசுந்தரம் கை கட்டி நின்று சொன்னான்.

"ரிக் எங்க நின்னுச்சு?"

"நெல்லூர் ஜில்லா சார். சீசன் முச்சூடும் அங்கதான்."

"வேற எங்கயும் போகலியா?"

"ஆந்திராவத் தாண்டி வடக்க நான் போனதே இல்ல சார். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."

ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொண்டார். பாலசுந்தரம் கையெழுத்துப் போட்டான். ரிக் முதலாளிக்கு போன் போட்டார்கள். அவரும் நெல்லூர் என்றே சொன்னார். கூட வேலை பார்த்த மற்ற ஆட்கள் பீகாரிகள். சீசன் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்களாம். விலாசம் யாரிடமும் இல்லை.

"பெரியவரே, காணவில்லைன்னு கேஸ் போடறேன். ஆனா பையன் மேல திருட்டும் இருக்கு, அத மனசுல வச்சுக்குங்க" என்றார் எஸ்.ஐ.

"லாரி பேட்டரி என்ன எடை இருக்குங்க சார்?"

"ஏன்?"

"ராத்திரியில ஊரு விட்டு ஓடறவன் செல்போன எடுப்பான், ஒத்துக்கறேன். பேட்டரியத் தலயில சொமந்துக்கிட்டு ஓடுவானா? எம்புள்ள என்ன கழுதையா?"

ரைட்டர் சிரித்தார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. ஆனால் பேனாவையும் எடுக்கவில்லை.

ஊர் அந்தக் கதையை லட்டு மாதிரி விழுங்கியது. காரணம் இருந்தது. பூவரசனுக்கு முந்தின வருஷம் ஒரு புண் வந்தது.

2005-இல் அவன் வேறொரு ரிக்கோடு ராஜஸ்தானில் பிகானேர் பக்கம் போய்விட்டு வந்திருந்தான். வந்து கொஞ்ச நாளில் முன்கையில் ஒரு கொப்புளம். அது உடைந்து புண்ணாகி, கிணற்று வாய் மாதிரி ஓரம் மேடு, நடு பள்ளம். வலி கிடையாது. ஆறவும் ஆறாது. வலி இல்லாத புண் என்றதும் ஊர் முடிவு கட்டிவிட்டது: குஷ்டம். டீக்கடையில் அவனைக் கண்டால் பெஞ்சு காலியானது. வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை.

அய்யாக்கண்ணு அவனைப் பெரம்பலூருக்கு இழுத்துப் போனார். தோல் டாக்டர் தேவயானி. சின்ன வயசுப் பெண். அய்யாக்கண்ணு அவளையும் நம்பவில்லை.

"தொழுநோய் இல்லைங்க ஐயா. மணல் பூமியில ஒரு பொடி ஈ இருக்கு. அது கடிச்சு உள்ள விட்ட ஒட்டுண்ணிக் கிருமி மாதிரி தெரியுது."

"பாத்ததும் உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?"

"மைக்ராஸ்கோப்புல கிருமி தெரிஞ்சிருச்சு. ஆனா அதுல பல இனம் இருக்கு. பீகார்ல ஒண்ணு, ராஜஸ்தான் பாலைவனத்துல ஒண்ணு. பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. அதனால புண்ணுலேர்ந்து ஒரு துணுக்கு எடுத்து மரபணு சோதனைக்கு மெட்ராஸுக்கு அனுப்பறேன். அது கிருமியோட சாதகம் பாக்கற மாதிரி. எந்த இனம்னு தெரிஞ்சா எந்தப் பக்கத்துதுன்னு தெரியும்."

"என் சாதகத்தையே எங்கப்பன் எழுதல. கிருமிக்கு எவன் எழுதி வச்சான்?"

"அதது ஒடம்புக்குள்ளயே எழுதியிருக்குங்க."

"கூட இருக்கறவங்களுக்கு ஒட்டுமா?"

"தொட்டா ஒட்டாது. ஒரே தட்டுல சாப்ட்டாலும் ஒட்டாது. அந்த ஈதான் கடிக்கணும். அந்த ஈ நம்ம பக்கம் கெடையாது."

மெட்ராஸிலிருந்து காகிதம் வந்தது: பாலைவன இனம். புண்ணைச் சுற்றி ஊசி போட்டார்கள். 2006 மே மாதம் தழும்பு மட்டும் மிஞ்சியது. அய்யாக்கண்ணு அந்தக் காகிதத்தை டீக்கடை, ரேஷன் கடை, கோயில் வாசல் எல்லா இடத்திலும் காட்டினார். "ஈ கடிச்சதுடா, குஷ்டம் இல்லடா" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒருத்தனும் நம்பவில்லை. "காகிதத்துல ஆயிரம் எழுதலாம்" என்றார்கள். அவரே எத்தனையோ பேரைப் பார்த்துச் சொன்ன வார்த்தைதான் அது. அதனால் அவருக்கு இன்னும் ஆத்திரம்.

அப்போது பூவரசனை வேலைக்குக் கூப்பிட்ட ஒரே ஆள் பாலசுந்தரம். பாதிக் கூலிக்கு.

2007 ஜனவரி 17. காலை 7.10.

பொங்கல் முடிந்து டீக்கடையில் கூட்டம். பாலசுந்தரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இடது காதுக்குக் கீழே, கன்னத்தில், எட்டணா அகலத்துக்குக் கறுப்பாக ஒரு புண். சுற்றிலும் தோல் வெந்து உரிந்திருந்தது.

"என்னப்பா இது?" என்றார் அய்யாக்கண்ணு.

"முந்திரிச் சூடு. வூட்டுல கொட்டை ஒடச்சேன். எண்ணெ தெறிச்சிருச்சு."

அந்த ஊரில் இது அதிசயமில்லை. முந்திரி ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய் பட்ட இடம் வெந்துபோகும். யாருக்குத்தான் அந்தத் தழும்பு இல்லை? யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அய்யாக்கண்ணு மட்டும் எதிரில் உட்கார்ந்து டீ சொன்னார்.

"எப்ப தெறிச்சுது?"

"கார்த்திகையில."

"எரியுதா?"

"ஆம்பளைக்கு இதெல்லாம் எரியுமா?"

பாலசுந்தரம் டீயை வாங்கிக் குடித்தான். ஒரு ஈ வந்து புண்ணின் நடுவில் உட்கார்ந்தது. அவன் ஓட்டவில்லை. அது அங்கேயே நடந்து ஓரத்து மேட்டில் ஏறியது. அவனுக்குத் தெரியவே இல்லை. பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். புண்ணின் மேலும் துண்டு போனது. முகம் சுளிக்கவில்லை. டம்ளரை அவன் கீழே வைத்தபோது அய்யாக்கண்ணு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெள்ளையாக இருந்தன. நகத்தில்கூடக் கறை இல்லை.

அய்யாக்கண்ணு எழுந்தார். கடையில் பத்துப் பேராவது இருந்தார்கள்.

"பாலசுந்தரம், அது முந்திரிச் சூடு இல்ல. போயி டாக்டர்கிட்ட காட்டு."

அவ்வளவுதான் சொன்னார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சத்தை ஊரே சொல்லிக்கொண்டது. மத்தியானத்துக்குள் பாலசுந்தரத்துக்குக் குஷ்டம் என்று உடையார்பாளையம் வரைக்கும் போய்விட்டது. பூவரசனோடு கூட வேலை செய்தானல்லவா, ஒட்டிக்கொண்டது என்றார்கள்.

சாயங்காலம் பாலசுந்தரத்தின் மனைவி மலர்கொடி அய்யாக்கண்ணு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏ கெழவா! ஒம்புள்ள ஓடிப்போனான்னா எங்குடிய ஏன்யா கெடுக்கற? எம்மவளப் பெரம்பலூர்லேர்ந்து பொண்ணு கேட்டு வந்தவங்க, டாக்டர் சீட்டு கொண்டா, அப்பறம் தட்டு மாத்தலாங்கறாங்க. ஒன் நாக்குல முந்திரி எண்ணெய ஊத்த!"

"சீட்டு கேட்டா வாங்கிக் குடுத்துட்டுப் போ. என்ன பயம்?"

"பயமா? எனக்கா? மெட்ராஸு வரைக்கும் அனுப்பி வாங்கிட்டு வந்து ஒம்மூஞ்சியில ஒட்டறேன் பாரு!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவள் போனதும் அய்யாக்கண்ணுவின் மனைவி பொன்னுத்தாய் அடுப்படியிலிருந்து வந்தாள். மகன் போன நாளிலிருந்து அவள் சத்தமாகப் பேசுவதில்லை. "அவனுக்கு என்ன நோவா இருந்தா நமக்கு என்னங்க? நம்ம புள்ளய வுட்டுட்டு எவன் புண்ணையோ பாத்துக்கிட்டு..."

"புள்ளையத்தான்டி தேடறேன்" என்றார் அய்யாக்கண்ணு.

2007 பிப்ரவரி 26. காலை 11.05.

கான்ஸ்டபிள் வந்து கூப்பிட்டார். அய்யாக்கண்ணு மேல் புகார்.

ஸ்டேஷனில் மலர்கொடியும் பாலசுந்தரமும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மலர்கொடி பக்கத்தில் ஒரு தட்டு நிறைய ஜாங்கிரி. எஸ்.ஐ. மேஜையில் பெரம்பலூர் டாக்டரின் காகிதம்.

"பெரியவரே, இவருக்குக் குஷ்டம்னு அவதூறு பரப்பிட்டீங்கன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. டாக்டர் சீட்டும் இருக்கு. தொழுநோய் இல்லன்னு தெளிவா போட்டிருக்கு."

"படிச்சுக் காட்டுங்க சார் அவருக்கு!" என்றாள் மலர்கொடி. "நானே நேர்ல போயி வாங்கியாந்தேன். ஒண்ணுமில்லம்மா, பத்து ஊசியில ஆறிடும்னு அந்த டாக்டரம்மாவே சொல்லிச்சு. அத்தன பேரு முன்னாடி மன்னிப்புக் கேக்கணும் இந்தாளு!"

பாலசுந்தரம் சிரித்தான். "பெரிய மனுசன் சார். வுட்டுருங்க. வாய்தான் நீளம்."

அய்யாக்கண்ணு உட்காரவில்லை.

"நான் குஷ்டம்னு சொன்னனா? டீக்கடையில இருந்த யார வேணாலும் கூப்ட்டுக் கேளுங்க சார். முந்திரிச் சூடு இல்லன்னு சொன்னேன். டாக்டர்கிட்ட காட்டுன்னு சொன்னேன். வேற சொல்லல."

"சரி. அதனால?"

"அந்தக் காகிதத்துல குஷ்டம் இல்லன்னு போட்டிருக்கு. சந்தோசம். அப்ப என்னன்னு போட்டிருக்கு?"

எஸ்.ஐ. காகிதத்தை எடுத்தார். முதல் தடவையாக அடுத்த வரிக்குப் போனார். அய்யாக்கண்ணு இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, உள்ளே நாலாய் மடித்திருந்த காகிதத்தைப் பக்கத்தில் விரித்தார்.

"இது எம்புள்ளையோடது. போன வருசத்துது. ரெண்டையும் சேத்துப் படிங்க."

மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. எஸ்.ஐ. இரண்டையும் மாறி மாறிப் படித்தார். பிறகு டெலிபோனை எடுத்து, சீட்டில் இருந்த நம்பரைச் சுழற்றினார். நாலு நிமிஷம் பேசினார். பேசும்போது அவர் கண் பாலசுந்தரத்தின் கன்னத்தை விட்டு நகரவில்லை.

போனை வைத்தார்.

"பாலைவன இனம்" என்றார். "ரெண்டுலயும் அதேதான்."

பாலசுந்தரத்தின் சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றது. "அது என்ன சார்? எந்த இனமா இருந்தா என்ன? குஷ்டம் இல்லல்ல?"

"ஒனக்குப் புரியல" என்றார் அய்யாக்கண்ணு. "ஏன்னா போன வருசம் நான் ஊரு முச்சூடும் கத்துனப்ப நீயும் கேக்கல. அந்தக் கிருமிய ஒரு மணல் ஈ கடிச்சுத்தான் உள்ள வுடும். அந்த ஈ ராஜஸ்தான் மணல்ல இருக்கு. நெல்லூர்ல இல்ல. ஆந்திராவத் தாண்டி வடக்க போனதே இல்லன்னு இதே மேசையில கையெழுத்துப் போட்ட. ஈ ஒன்னத் தேடிப் பஸ் ஏறி வந்துதா?"

"ஒம்மவன்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சு!" பாலசுந்தரம் எழுந்துவிட்டான். "அவன்கூடத்தான ஒரே லாரியில படுத்தேன்!"

"அவன் புண்ணு மே மாசமே ஆறிப்போச்சு. நீ அவனக் கூட்டிட்டுப் போனது ஆகஸ்ட்டு. புண்ணு இருந்தப்ப நாலு மாசம் அவன் தட்டுல மிச்ச சோத்தத் தின்னது அவங்கம்மா. அவ கையில பூச்சிக்கடிகூட இல்ல. தொட்டா ஒட்டாது. இப்ப டாக்டரம்மாகிட்ட கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். அதேதான் சொல்றாங்க" என்றார் எஸ்.ஐ.

"பீகார்க்காரனுங்க இருந்தானுங்க சார்! அவனுங்க ஊர்லயும் இந்த நோவு உண்டு!"

"உண்டு. ஆனா அது வேற இனம். கண்ணாடியில பாத்தா வித்தியாசம் தெரியாது. மரபணுவுல தெரிஞ்சிரும். அதுக்குத்தான மெட்ராஸுக்கு அனுப்புனாங்க. ஒம்பொண்டாட்டி காசு கட்டி வாங்கியாந்த காகிதம், அதுவே சொல்லுது" என்றார் அய்யாக்கண்ணு.

மலர்கொடி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெல்லூருன்னுதான எங்கிட்டயும் சொன்ன?" என்றாள் மெல்ல. "தீவாளிக்கு போன் போட்டப்பகூட நெல்லூருன்ன."

அவன் துண்டால் கன்னத்தை மூடிக்கொண்டான்.

"எனக்கு எப்பத் தெரியும்னு கேக்கறீங்களா சார்?" அய்யாக்கண்ணு எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "பொங்கலுக்கு அடுத்து டீக்கடையில. நாப்பது வருசமா கொட்டை வறுக்கறேன். முந்திரிச் சூடு பட்டா வேர்வை பட்டாலே உயிரு போவும். இருவது நாள்ல உரிஞ்சு ஆறிடும். இவனுக்கு ரெண்டு மாசம் ஆகியும் ஆறல. ஈ உக்காந்தாலும் தெரியல. எம்புள்ள புண்ணும் அப்படித்தான் இருந்துச்சு, கெணத்து வாய் மாதிரி."

"ஆனா சுத்தித் தோல் வெந்திருந்துதே. நானும்தான் பாத்தேன்."

"வெந்தது நெசந்தான் சார். இவனே தடவிக்கிட்டான். புண்ணு வந்ததும் இவனுக்குப் பயம். குஷ்டம், பூவரசன்கிட்டேர்ந்து வந்துடுச்சுன்னு நெனச்சான். ஊரு பாத்தா மவ கல்யாணம் போச்சு. அதான் மேல கொட்டை எண்ணெய வச்சு மூடிட்டான். இங்க எவன் முந்திரிச் சூட்டத் திரும்பிப் பாக்கப்போறான்? எல்லாரும் கன்னத்தப் பாத்தீங்க. கையப் பாக்கல. கொட்டை ஒடச்சவனுக்கு மொதல்ல வேவறது வெரலு. அப்பறந்தான் மூஞ்சி. இந்தாப் பாருங்க என் வெரல. இவன் வெரலு கல்யாணப் பொண்ணு வெரலாட்டம் இருக்கு. கோழி எறக எண்ணெயில தொட்டுத் தடவுனா கை வேவாது."

எஸ்.ஐ. பாலசுந்தரத்தின் கையைப் பிடித்துப் புரட்டினார். விட்டார்.

"குஷ்டம் இல்லன்னு காகிதம் வந்ததும் இவன் பயம் போயிருச்சு. வேற எதுக்குப் பயப்படணும்னு இவனுக்குத் தெரியாது. போன வருசம் நான் கத்துனத நம்பியிருந்தா, டாக்டர் பக்கமே போயிருக்க மாட்டான்." அய்யாக்கண்ணு பாலசுந்தரத்துக்கு முன்னால் வந்து நின்றார். "எம்புள்ள ஓடல. திருடல. ஒன்கூடப் பாலைவனத்துக்கு வந்தான். அவன என்ன பண்ணுன?"

மலர்கொடிதான் முதலில் அசைந்தாள். ஜாங்கிரித் தட்டை எடுத்துத் தன் சேலைத் தலைப்பால் மூடினாள். "சொல்லித் தொலையேன்யா" என்றாள்.

"நான் கொல்லல சார்." பாலசுந்தரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். "சத்தியமா கொல்லல. போரு எழுநூறு அடி போயிருச்சு. கம்ப்ரஸர் ஹோஸு பழசு. மாத்தணும்னு அவன்தான் ரெண்டு நாளா சொல்லிக்கிட்டு இருந்தான். நான்தான் இந்த ஒரு போரு முடியட்டும்னேன். வெடிச்சு நெஞ்சுல அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரி எம்பது கிலோமீட்டரு. பாதி வழியில... போலீஸுக்குப் போனா வண்டியப் புடிச்சு வச்சுருவாங்க, நெல்லூர்னு சொல்லிடுன்னாரு மொதலாளி. அங்கயே மணல்ல..."

"பேட்டரி?"

"அது ரிப்பேரு. வித்துட்டேன்."

"செத்தவன் மேல திருட்டையும் போட்ட."

"என்ன வேணும்னாலும் தரேன் பெரியவரே. கால்ல வுழறேன்."

"கைய எடு." அய்யாக்கண்ணு பின்வாங்கினார். "சார், எனக்குப் படிக்கத் தெரியாது. இவன் சொன்னத எழுதுங்க. திருட்டுன்னு எழுதினத அடிங்க. அடிச்சிட்டு வாய்விட்டுப் படிங்க. அந்த ரெண்டு காகிதத்தையும் இங்க வுட்டுட்டுப் போக மாட்டேன், நகல் எடுத்துக்குங்க."

"எங்க மேல நம்பிக்கை இல்லையா பெரியவரே?"

"இல்ல" என்றார் அய்யாக்கண்ணு.

திருமுருகனுக்குக் கோபம் வரவில்லை. நவம்பரில் எடுக்காத பேனாவை எடுத்தார்.

2007 மார்ச் 12. பிற்பகல் 2.40.

அரியலூரில் ஏறி, மெட்ராஸில் மாறி, வடக்கே போகிற ரயில். புதைத்த இடத்தைக் காட்ட பாலசுந்தரத்தைக் கூட்டிப் போனார்கள். அவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு போலீஸ். எதிர் சீட்டில் அய்யாக்கண்ணும் பொன்னுத்தாயும். பெரியவர் வர வேண்டாம், எலும்பை இங்கே கொண்டுவருவோம் என்று மூன்று பேர் சொல்லிப் பார்த்தார்கள். "நீங்க எந்த எலும்பக் கொண்டாருவீங்களோ" என்று சொல்லிவிட்டுச் சொந்தச் செலவில் இரண்டு டிக்கெட் எடுத்தார்.

ஒரு முழு நாள் கழிந்தது. வெளியே பருத்திக்காடு ஓடியது. பாலசுந்தரத்தின் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. கண் சொருகியது.

அய்யாக்கண்ணு குனிந்து அவன் முழங்காலில் தட்டினார்.

"தூங்காத. இன்னும் ஒன்றர நாள் இருக்கு."

"என்னங்க வேணும்?"

"ஆகஸ்ட்டுல ஊர்லேர்ந்து கெளம்புன அன்னிக்கேர்ந்து ஆரம்பி. எங்க தூங்கினான், என்ன சாப்ட்டான், யாரோட சண்ட போட்டான், எதுக்குச் சிரிச்சான். ஒரு நாள் வுடாம சொல்லு. அவ கேக்கட்டும்."

பொன்னுத்தாய் ஜன்னலை இறக்கிவிட்டு, அவன் பேச்சு காதில் விழுகிற பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.